கடல் இல்லாத ஊரில் கப்பல் கயிறு: மாதிரிக் கப்பலுக்கு நூல் தேடுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பியதோடு அதில் மூன்றாவது செல்லாக்காசாகிவிட்டது. காலியான அந்த இடத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளலாம்: கடல் இல்லாத ஊரில் கப்பல் கட்டுகிறவன்.

பலகை வளைப்பது, மேல்தளம் ஒட்டுவது, பாய்மரம் சீவுவது வரை பலரும் பொறுமையாகவே செய்கிறார்கள். கயிறு கட்டும் கட்டத்துக்கு வரும்போதுதான் கோட்டை விடுகிறோம். என் முதல் கப்பலுக்குத் தையல் சாமான் கடையில் பளபளத்த கறுப்பு நைலான் நூலை வாங்கிக் கட்டினேன். கட்டிய அன்று வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. ஐப்பசி மழையில் எல்லாம் தொய்ந்துபோயிற்று. பார்க்க வந்த மாமா, "துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறாயா?" என்றார். தொய்வுக்காக மட்டும் அவர் அப்படிக் கேட்கவில்லை. விரல்நீளப் பாய்மரத்தைத் தாம்புக்கயிறு பருமனில் கட்டி வைத்திருந்தேன்.

மாதிரிக் கப்பலுக்கென்றே திரித்த கயிற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். நல்ல சரக்குதான், ஆனால் நூலின் விலையோடு தபாலின் விலையும் சேரும். நாம் இருப்பதோ நூல் நாட்டில். பழைய வட ஆர்க்காட்டை 1989-இல் இரண்டாகப் பிரித்தார்கள், 2019-இல் வேலூரை மூன்றாகப் பிரித்தார்கள். எப்படிப் பிரித்தாலும் குடியாத்தத்தில் கைத்தறி ஓடுகிறது, ஆரணியில் பட்டு நெய்கிறார்கள், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தைக்கிறார்கள். 'கப்பல் நூல்' என்று கேட்டால் இங்கே யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். பருமன், முறுக்கு, நார் ஆகிய மூன்றையும் பார்க்கத் தெரிந்துகொண்டு போனால் வேண்டியது கிடைத்துவிடும்.

முதல் படி: கடைக்குப் போகுமுன் கணக்கு

பாய்மரக் கப்பலில் கயிறு இரண்டு வகை. பாய்மரத்தை அசையாமல் பிடித்து நிறுத்துபவை நிலைக்கயிறுகள். பாயையும் அதைத் தாங்கும் குறுக்குமரத்தையும் ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் கப்பி வழியாக ஓடுபவை ஓடுகயிறுகள். குறுக்குமரத்தைப் பருமல் என்பது பழைய கடலோடிச் சொல். நிலைக்கயிற்றுக்குத் தார் பூசுவார்கள், அதனால் அது கரும்பழுப்பு. ஓடுகயிறு கப்பியில் வழுக்கி ஓட வேண்டியது, ஆகவே சணல்நார் நிறத்திலேயே இருக்கும். ஒரே நிற நூலால் முழுக் கப்பலையும் கட்டினால் என்ன தவறு என்று தெரியாமலேயே பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும்.

அடுத்து அளவு. ஆங்கிலேயக் கப்பற்படையின் பழைய ஆவணங்களில் கயிற்றின் அளவு என்பது விட்டம் அல்ல, சுற்றளவு. அதுவும் அங்குலத்தில். இது தெரியாமல் 'பன்னிரண்டு அங்குலக் கயிறு' என்பதை விட்டமாக எடுத்துக்கொண்டு மலைத்தவர்களில் நானும் ஒருவன். மனக்கணக்காகச் செய்ய ஒரு வழி: சுற்றளவு அங்குலத்தை எட்டால் பெருக்குங்கள், அசல் கயிற்றின் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். அதை உங்கள் மாதிரியின் அளவு விகிதத்தால் (1:72 என்றால் 72-ஆல்) வகுத்தால் வாங்க வேண்டிய நூலின் விட்டம்.

வரைபடத்தில் கயிற்றளவே இல்லையென்றால், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் போர்க்கப்பலுக்கு ஒரு தோராய விதி உண்டு. நடுப் பாய்மரத்தின் விட்டம் எத்தனை அங்குலமோ, அதில் பாதி அதை முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் முன்தாங்கு கயிற்றின் சுற்றளவு. அந்தச் சுற்றளவில் பத்தில் ஆறு பங்கு, பாய்மரத்தை இரு பக்கமும் பிடிக்கும் பக்கத்தாங்கு கயிறு. பாய்மரம் 24 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முன்தாங்கு கயிறு 12 அங்குலம், பக்கத்தாங்கு கயிறு ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல். மாலுமிகள் கால் வைத்து ஏறும் ஏணிப்படிக் கயிற்றுக்கு ஒன்றரை அங்குலம் போதும். மாதிரி 1:72 என்றால் இவை முறையே 1.3 மி.மீ., 0.8 மி.மீ., 0.17 மி.மீ. அதே கப்பல் 1:100 என்றால் ஏறக்குறைய 0.95, 0.6, 0.12.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். அது தலைமயிரைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ஏணிப்படியைச் சாதாரணத் தையல் நூலால் கட்டுவதுதான் நம்மவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு நூல்களுக்கிடையே எதை எடுப்பது என்று தடுமாறினால் மெல்லியதை எடுங்கள். மெல்லிய கயிறு கட்டிய கப்பலைப் பார்த்து இதுவரை யாரும் சிரித்து நான் கண்டதில்லை.

எல்லாக் கயிற்றுக்கும் தனித்தனி அளவு வேண்டாம். கணக்கு முடிந்ததும் ஐந்து அல்லது ஆறு அளவுகளாகச் சுருக்கி ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

இரண்டாம் படி: பென்சில் அளவுகோல்

நூலின் விட்டத்தை அளக்க நுண்கருவி வேண்டாம், உதவவும் உதவாது. இடுக்கினால் நூல் நசுங்கும். ஒரு பென்சிலில் 10 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, கோட்டுக்குக் கோடு நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது, இடையில் மரம் தெரியவும் கூடாது. பத்தைச் சுற்று எண்ணிக்கையால் வகுத்தால் விட்டம். 20 சுற்று விழுந்தால் 0.5 மி.மீ., 50 விழுந்தால் 0.2 மி.மீ. கடையில் இதைச் செய்யும்போது கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பழகிவிடும்.

தொழிற்சாலை நூல் கோன்களின் உள்ளே ஒட்டிய சீட்டில் டிக்கெட் எண் இருக்கும். அது ஏறினால் நூல் மெலியும். சிலவற்றில் டெக்ஸ் எண் இருக்கும். அது நேர்மாறு, ஏறினால் தடிக்கும். 3000-ஐ டிக்கெட் எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய டெக்ஸ் வரும். சட்டை தைக்கும் 120 டிக்கெட் பாலியஸ்டர் ஏறக்குறைய 0.2 மி.மீ., ஷூவின் மேல்தோல் தைக்கும் 40 டிக்கெட் 0.3 மி.மீ., 20 டிக்கெட் 0.45 மி.மீ. சீட்டை நம்பிப் போகலாம், ஆனால் பென்சிலில் சுற்றிவிட்டே வாங்குங்கள்.

மூன்றாம் படி: எந்த நார்?

பருத்தி, பட்டு, பாலியஸ்டர், நைலான் நான்கும் இங்கே கிடைக்கும். ஆளி நார் நூல் முன்பு மாதிரிக் கப்பல்காரர்களின் முதல் தேர்வாக இருந்தது. வேலூரில் அதைத் தேடி அலைவதில் பயனில்லை.

நைலானைத் தவிர்த்துவிடுங்கள். இழுத்தால் நீளும், ஈரத்தில் தளரும், வெயிலில் வலுவிழக்கும். பாலியஸ்டர் தன் எடையில் அரை சதவீதம்கூட ஈரம் வாங்காது. பருத்தி எட்டு சதவீதம் வரை வாங்கும், பட்டு பதினொன்று. ஈரம் ஏறினால் பருத்தி நூல் தடித்து நீளத்தில் குறுகும். கத்திரி வெயிலில் விறைப்பாகக் கட்டிய பருத்திக் கயிறு கார்த்திகையில் மெல்லிய பாய்மரத்தை ஒரு பக்கமாக இழுத்து வளைத்துவிடும். இதைக் காரணம் காட்டிப் பருத்தியே வேண்டாம் என்போர் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பருத்திக் கயிறு கயிறு போலவே தொங்கும், முடிச்சு நிற்கும், சாயம் ஏறும், பசை ஒட்டும். பாலியஸ்டரில் நிறம் நாமாக எளிதில் ஏற்ற முடியாது, தொங்கவேண்டிய கயிறு கம்பி மாதிரி விறைத்து நிற்கும். ஆகவே நிலைக்கயிற்றுக்குப் பாலியஸ்டர், ஓடுகயிற்றுக்குப் பருத்தி என்பது என் பழக்கம். இதற்கு எதிர்வாதமும் நியாயமானதே.

நான்காம் படி: எங்கே தேடுவது?

வேலூர் லாங் பஜாரின் தையல் சாமான் கடைகளிலிருந்து தொடங்குங்கள். கூட்டமில்லாத முற்பகலில் போனால்தான் கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் காட்டுவார். அங்கே கேட்க வேண்டியவை: மங்கலான பாலியஸ்டர் நூல், குரோஷே பின்னும் பருத்தி நூல், பொத்தான் தைக்கும் தடித்த நூல். எம்பிராய்டரி இயந்திர நூலைத் தொடாதீர்கள். அதன் மினுமினுப்புக்காகவே அதைச் செய்கிறார்கள். மினுக்கும் கயிறு கொண்ட கப்பல் கலியாண மண்டப அலங்காரம் போல இருக்கும்.

அடுத்தது தோல் ஊர்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ தொழிலுக்குச் சாமான் விற்கும் கடைகளில் பாலியஸ்டர் இழை நூல் கரும்பழுப்பு, காப்பி, கறுப்பு என்று வரிசையாக நிற்கும். தார் பூசிய கயிற்றின் நிறம் சுத்தக் கறுப்பு அல்ல. பைன் மரத் தார் ஊறிய சணல் கயிற்றில் அடியில் ஒரு பழுப்பு தெரியும். தோல்காரர்களின் அடர்காப்பி நிறம் அதற்கு மிகப் பொருத்தம். மங்கலாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். 'பாண்டட்' என்ற வகையில் இழைகளைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அது பிரியாது, மயிர்விடாது, ஆனால் விறைப்பு. இழுத்துக் கட்டும் முன்தாங்கு கயிற்றுக்குப் போதும், தொங்கும் கயிற்றுக்கு ஆகாது. கையால் தைக்கும் மெழுகு நூலும் அங்கேயே இருக்கும். அது தட்டையாக இருந்தால் வேண்டாம், கயிறு உருண்டைதான். பெரிய கோனாகத்தான் விற்பார்கள். ஆறு கப்பலுக்கு வரும்.

மூன்றாவது இடம் யாரும் எதிர்பாராதது. வேலூரில் தடுக்கி விழுந்தால் மருந்துக்கடை. அறுவைத் தையலுக்கான கறுப்புப் பட்டு நூல் மாதிரிக் கப்பலுக்கு நன்றாகவே பொருந்தும். அதன் பருமன் விதிப்படி வரையறுத்தது: 3-0 என்றால் 0.20 முதல் 0.249 மி.மீ., 4-0 என்றால் 0.15 முதல் 0.199, 5-0 என்றால் 0.10 முதல் 0.149, 6-0 என்றால் 0.07 முதல் 0.099. 3-0 என்பது மூன்று பூஜ்யம்; பூஜ்யம் கூடக்கூட நூல் மெலியும். 1:100 கப்பலின் ஏணிப்படிக்கு 5-0 கச்சிதம். பின்னல் நூலாதலால் முறுக்கு தெரியாது, அத்தனை சிறிய அளவில் தெரிய வேண்டியதும் இல்லை. விலை அதிகம், ஒரு பொட்டலத்தில் முக்கால் மீட்டர்தான் இருக்கும். எனவே முழுக் கப்பலுக்கும் இதை நினைக்காதீர்கள். முத்திரை உடையாத பொட்டலமாக வாங்குங்கள். ஊசி கோத்திருந்தால் முதலில் அதை வெட்டி மூடியுள்ள குப்பியில் போடுங்கள். முதல் தடவை நான் கேட்டபோது கடைக்காரர் முகம் வாடி, "யாருக்கு சார் ஆபரேஷன்?" என்றார். கப்பலுக்கு என்றதும் வாடிய முகத்தில் சந்தேகம் வந்தது.

ஆரணியில் பட்டு நூல். நெசவாளர் வீடுகளிலும் நூல் முறுக்கும் இடங்களிலும் மிச்சம் மீதி கிடைக்கலாம், கேட்டால்தான். கச்சாப் பட்டில் பசை இருக்கும், விறைக்கும். பசை நீக்கிய பட்டு மெத்தென்றிருக்கும், மினுக்கும். மெழுகு போட்டால் மினுக்கம் பாதி அடங்கும். 1:200-க்கும் சிறிய மாதிரி கட்டுகிறவர்களைத் தவிர மற்றவர்கள் ஆரணி பஸ்ஸைப் பிடிக்கத் தேவையில்லை.

குடியாத்தத்துக்குக் கட்டாயம் போங்கள்.

லுங்கிக்குப் பேர்போன ஊர் அது. கைத்தறிக்கான பருத்தி நூல் அங்கே கழியாக, அதாவது வளையமாகச் சுற்றிய கட்டாக, கிடைக்கும். 40, 60, 80 என்பவை நம்பர்கள், நம்பர் ஏறினால் நூல் மெலியும். ஒற்றை இழையும் உண்டு, இரண்டு இழை சேர்த்து முறுக்கியதும் உண்டு. பின்னதை '2/40', '2/60' என்று எழுதுவார்கள். தையல் நூலை விட்டுவிட்டு இந்த நூலுக்காக ஏன் ரயில் ஏறுகிறேன் என்பதற்குக் காரணம் முறுக்கின் திசை.

ஐந்தாம் படி: முறுக்கு எந்தப் பக்கம்?

ஒரு கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். புரிகள், அதாவது கயிறாகச் சேரும் முறுக்கிய இழைக்கொத்துகள், கீழ் இடதிலிருந்து மேல் வலமாக ஏறினால் வலமுறுக்கு. ஆங்கில இசட் எழுத்தின் நடுக்கோடு போல இருப்பதால் நூல்காரர்கள் இதை இசட் முறுக்கு என்பார்கள். வலமிருந்து இடமாக ஏறினால் இடமுறுக்கு, எஸ் முறுக்கு. பாய்மரக் கப்பலில் சாதாரண முப்புரிக் கயிறு வலமுறுக்கு. அப்படிப்பட்ட மூன்று கயிறுகளைச் சேர்த்து மறுபடி திரித்த நங்கூர வடம் இடமுறுக்கு.

தையல் நூல் பெரும்பாலும் வலமுறுக்காகவே வருகிறது, தையல் இயந்திரத்துக்கு அதுதான் ஒத்துவரும். அப்படியே எடுத்துக் கட்டினால் பார்வைக்குச் சரி. ஆனால் தடித்த கயிறு வேண்டி மூன்று தையல் நூல்களைச் சேர்த்துத் திரித்தால் விளைவது இடமுறுக்குக் கயிறு. புரியின் முறுக்குக்கு எதிர்த்திசையில் திரித்தால்தான் கயிறு பிரியாமல் நிற்கும் என்பதால் இதை மாற்ற முடியாது. நங்கூர வடத்துக்கு அது சரி, பக்கத்தாங்கு கயிற்றுக்குத் தவறு.

கைத்தறியின் இரட்டை நூலோ பெரும்பாலும் நேர்மாறு. ஒற்றை இழைகள் வலமாக நூற்றவை, இரண்டைச் சேர்த்தது இடமாக. அதை மூன்று எடுத்துத் திரித்தால் வலமுறுக்குக் கயிறு வரும். அசல் கப்பல் கயிறும் இப்படித்தான்: இழை வலம், புரி இடம், கயிறு வலம். லுங்கி நெய்ய வைத்த நூல் போர்க்கப்பல் கயிற்றுக்கு இவ்வளவு பொருந்தும் என்று எனக்குத் தெரிய ஐந்து வருடம் ஆயிற்று. எந்தக் கழியானாலும் உருப்பெருக்கி வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி ஒரு முறை அரைக் கிலோ வாங்கி ஏமாந்தேன்.

முறுக்கை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். 1:150 மாதிரியில் யாரும் பார்க்கப் போவதில்லை, விட்டுவிடுங்கள். 1:72-இலும் அதைவிடப் பெரிய மாதிரியிலும் அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கயிற்றில் அது நன்றாகவே தெரியும்.

ஆறாம் படி: வீட்டில் சோதனை

முதலில் அரை மீட்டர் நூலைச் சோதித்துவிட்டுப் பிறகு கோனை வாங்குவது நல்லது.

கறுப்புக் காகிதத்துக்கு முன்னால் நூலைப் பிடித்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மயிர்விட்டிருந்தால் அது கம்பளிப்பூச்சிதான், கயிறு இல்லை. கொஞ்சம் மயிர் என்றால் மெழுகில் அடங்கும். சுடரின் நீலப் பகுதிக்கு மேலாக வேகமாக இழுத்துப் பொசுக்கலாம் என்று சொல்வார்கள். பருத்திக்கு அது செல்லும், பாலியஸ்டரில் செய்தால் நூலே உருகிவிடும்.

எந்த நார் என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டைக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டு, மயிர் பொசுங்கும் நாற்றம் அடித்து நொறுங்கும் கரியாகும். பாலியஸ்டரும் நைலானும் உருகிக் கெட்டி மணியாகத் திரளும். 'சுத்தப் பருத்தி' என்று சொல்லி விற்றதில் மணி திரண்டால் கலப்பு.

நூலின் நடுவைப் பிடித்து இரண்டு முனைகளையும் அருகருகே கொண்டுவாருங்கள். வளைவு தானாகச் சுற்றிப் பின்னிக்கொண்டால் அதில் அடங்காத முறுக்கு இருக்கிறது. அதைக் கப்பியில் கோத்தால் சிக்கு விழும். ஒரு திருகுமரையை நுனியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டும் அடங்காவிட்டால் வேறு நூல் பாருங்கள்.

கடைசியாக, பக்கத்தாங்கு கயிறாகும் நூலின்மேல் ஏணிப்படிக்கான நூலால் பத்து முடிச்சு போட்டுப் பாருங்கள். முடிச்சு உருண்டு பிதுங்கினால் நூல் தடிமன். விட்டதும் அவிழ்ந்தால் வழுக்கல். முடிச்சின்மேல் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு சொட்டு போதும். உடனே ஒட்டும் பசை நூலை முள்ளாக்கிவிடும், வெள்ளை பூக்கும், பின்னால் திருத்தவும் முடியாது.

ஏழாம் படி: தடித்த கயிற்றை நாமே திரிப்பது

0.5 மி.மீ.க்கு மேல் வேண்டியதைத் திரித்துக்கொள்வதே நல்லது. கடையில் அந்தப் பருமனில் கிடைப்பது பெரும்பாலும் பின்னல் நாடா. கிராமத்தில் ராட்டை சுற்றிக் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதன் குட்டி வடிவம்தான் இது. ஒரு பலகையில் ஒன்றாகச் சுழலும் மூன்று கொக்கிகள், எதிர்முனையில் தாராளமாகச் சுழலும் ஒரு கொக்கி, நடுவில் மூன்று பள்ளம் வெட்டிய ஒரு மரக் கூம்பு. எதிர்முனைக் கொக்கியை ஒரு சின்ன வண்டியில் வைத்து அதை எடையால் இழுத்து வையுங்கள்.

மூன்று புரிகளையும் அவை ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே மேலும் முறுக்குங்கள். இறுக இறுக நீளம் குறைந்து வண்டி முன்னே நகரும். போதிய இறுக்கம் வந்ததும் கூம்புக்குப் பின்னால் புரிகள் தாமாகவே எதிர்த்திசையில் பின்னிக்கொண்டு வரும். கூம்பை அவசரமின்றி நகர்த்துங்கள். கழற்றிய கயிற்றை எடை கட்டி ஒரு நாள் தொங்கவிடுங்கள். கால் பங்கு நீளம் போய்விடும் என்று கணக்கில் கொள்ளுங்கள்.

ஒரு புரியின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாகக் கயிற்றின் விட்டம் வரும். 0.2 மி.மீ. நூல் மூன்றில் 0.4 கயிறு. மும்மூன்றாக ஒன்பது நூல் எடுத்தால் 0.8. மேலே கணக்கிட்ட பக்கத்தாங்கு கயிறு கையில் வந்துவிட்டது. முதல் நான்கைந்து கயிறுகள் குப்பைக்குப் போகும், அதற்காகக் கவலைப்படாதீர்கள்.

எட்டாம் படி: சாயமும் மெழுகும்

பருத்திக்குத் துணிச்சாயம் போடலாம். கழியாகவே நனைத்து, நிழலில், சிறு எடை கட்டிக் காயவிடுங்கள். வெள்ளைப் பருத்தியில் மஞ்சளும் பழுப்பும் கலந்து மங்கலான வைக்கோல் நிறம் வரும்வரை நீர்த்த சாயத்தில் முக்கி எடுங்கள். காய்ந்தால் ஒரு மாற்று வெளுக்கும்.

கடுக்காயும் இரும்புத் துருவும் கலந்து கறுப்பேற்றும் நாட்டு முறை நம் பக்கத்தில் பலருக்குத் தெரியும். அழகான கறுப்பு வரும். ஆனால் இரும்பு பருத்தியை மெல்ல மெல்ல அரிக்கும், பழைய துணிகளில் கறுப்புக் கோடு மட்டும் இற்றுப்போயிருப்பது அதனால்தான். பேரன் காலம்வரை நிற்க வேண்டிய கப்பலுக்கு வேண்டாம். தேயிலைச் சாறும் நாளடைவில் நூலை நலியச் செய்யுமோ என்ற அச்சத்தால் என் வீட்டில் டம்ளரோடு நின்றுவிட்டது.

மெழுகு என்றால் தேன்மெழுகு. ஜவ்வாது மலைத் தேன் விற்பவர்களிடமோ நாட்டு மருந்துக் கடையிலோ கேளுங்கள். கட்டியின்மேல் நூலை இரண்டு தடவை இழுத்து, பிறகு விரலிடுக்கில் வேகமாக உருவினால் சூட்டில் மெழுகு உள்ளே இறங்கி மயிர் படியும். துகள் தெரிந்தால் மெழுகு அதிகம், அதில் தூசி ஒட்டும். மெழுகுவத்தி மெழுகு உதிரும், அதை விட்டுவிடுங்கள். சாயம் முதலில், மெழுகு பிறகு. இந்த வரிசை மாறினால் சாயம் ஏறாது.

வாங்கும் அளவும் கட்டும் காலமும்

கிரீனிச்சில் நிற்கும் கட்டி சார்க், 1869-இல் கடலில் இறங்கிய கப்பல். அதன் கயிற்று நீளம் 11 மைல் என்பார்கள். மாதிரிக்கு அத்தனை வேண்டாம்தான், ஆனால் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று நினைத்ததைவிட அதிகம் விழுங்கும். வரைபடத்தில் கயிற்று நீளங்களைக் கூட்டி, முடிச்சுக்கும் பிழைக்கும் இடம் விட்டு அதை ஒன்றரை மடங்காக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே சாயத் தொகுதியில், ஒரே நாளில் வாங்குங்கள். பின்னால் அதே நிறம் என்று வாங்கிய நூல் பாதிக் கப்பலில் வேறு நிறமாகத் தெரியும்.

கோனின் அடியில் விட்டம், நார், முறுக்குத் திசை, வாங்கிய ஊர் நான்கையும் எழுதி ஒட்டுங்கள். டப்பாவில் போட்டு வெயில் படாமல் வையுங்கள்.

பருத்திக் கயிற்றைச் சித்திரையிலும் கட்டாதீர்கள், அடைமழையிலும் கட்டாதீர்கள். எனக்குக் கைவந்த காலம் தை, மாசி. அதற்கும் முன்னால், நீங்கள் தேர்ந்தெடுத்த நூலில் ஒரு மீட்டர் வெட்டி, நுனியில் ஒரு திருகுமரை கட்டி, தாழ்வாரத்தில் ஓர் ஆணியில் தொங்கவிட்டு, சுவரில் நுனிக்கு நேராகப் பென்சில் கோடு போட்டு வையுங்கள். மழை பெய்யும் நாளில் நுனி கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, கட்டும்போது அந்த அளவுக்குத் தளர்வு விடுங்கள்.